ஊறுகாய் எடுத்துவரப் போனவன்

என் மனைவி தனத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து பார்சல் சாப்பாட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். பார்சல் சாப்பாடு ஒருவருக்கு என்று சொல்லித்தான் கட்டுவார்கள். ஒருவரால் தின்று தீர்க்க முடியாது. "நான் இன்னும் கை வைக்கல. கீழ கேட்டாண்ட ஒரு பெரியவர் குந்தினு கீறாரே, இந்தப் பாதிய அவருக்குக் குடுத்துட்டு வா" என்றாள். நான் இறங்கிப் போய்க் கொடுத்தேன். அவர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது, மேலே. எடுத்துவருகிறேன் என்று சொல்லிப் படியேறினேன். கட்டிலைச் சுற்றி நர்ஸுகள் நின்றிருந்தார்கள். ஊறுகாய்ப் பாக்கெட் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது.

திருவொற்றியூரில் ஒரு ஃபவுண்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சோறு வாங்கிக் கொடுப்பது எனக்கு இரண்டாவது தொழில். இதில் போடுகிற முதல் ஒரு பார்சல்; வரவு முழுக்க ஜனங்களின் பேச்சு. உங்களில் யாராவது கையில் பொட்டலத்தோடு நடைபாதையில் குனிந்து நின்றிருந்தால், நான் சொல்வது உடனே புரியும்.

முதல் கேள்வி

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு, பழக்கத்தில் தனத்துக்கு வாங்கும் மெஸ்ஸுக்குப் போய் ஒரு பார்சல் வாங்கிவிட்டேன். கையில் கனத்தபோதுதான் மறு பாதிக்கு வீட்டில் ஆள் இல்லை என்று உறைத்தது. ராயபுரத்தில் என் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி நடக்கிற தூரம்தான். கால் தானாக அந்தப் பக்கம் போனது.

பெரியவர் அதே சுவரோரம் இருந்தார். பெயர் கன்னியப்பன். காசிமேட்டில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர். இடுப்பெலும்பு முறிந்து இதே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். குணமாகி வெளியே வந்தபோது போவதற்கு வீடில்லை, வாசலிலேயே தங்கிவிட்டார். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்று என்னைப் பார்த்ததும் அவர் முகம் கடுகடுத்தது.

"இன்னா நைனா, ஊறுகா எடுத்தாறேன்னு போன, அப்டியே அம்பேல் ஆயிட்ட?"

பங்கு

மறந்துவிட்டேன் என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அதன் பிறகு தினமும் போனேன். ஒரு நாள் பசி தாங்காமல் நான் முதலில் சாப்பிட்டுவிட்டு, மீதியை இலையோடு சுருட்டி எடுத்துப் போனேன். அவர் பொட்டலத்தைத் திறந்து, நான் பிசைந்த ஓரத்தைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. பொறுமையாக மடித்து என் கையிலேயே திரும்ப வைத்தார். தனம் எதற்காகக் கை வைக்கும் முன்பே பிரித்தாள் என்று அன்றுதான் புரிந்தது.

"பங்குன்னா குடு நைனா. மிச்சம்னா எடுத்துக்கினு போயிரு."

முகம் வரவில்லை

நாம் சும்மா கொடுத்தாலும் பார்க்கிறவர்கள் சும்மா இருப்பதில்லை. பேருந்து நிறுத்தத்தில் ஒரு அம்மாள், இப்படிக் கொடுத்துக் கொடுத்துத்தான் சோம்பேறி ஆக்குகிறீர்கள் என்று என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார். டீக்கடைக்காரர் ரகசியமாக, "வார்டுல நிக்கப் போறியா மாமு? எந்தக் கட்சி?" என்று விசாரித்தார். இல்லை என்றேன். அப்படியானால் சுயேச்சை என்று முடிவு செய்துகொண்டார்.

இன்னொரு நாள், பைக்கில் போன ஒரு பையன் வண்டியை நிறுத்திச் செல்போனில் எங்களைப் படம் பிடித்தான். பிடித்ததைப் பார்த்துத் திருப்தியில்லாமல், "அங்கிள், இன்னொரு வாட்டி குடுங்க, தாத்தா முகம் வரல" என்றான். கன்னியப்பன் அதற்குள் இரண்டு கவளம் உள்ளே தள்ளியிருந்தார். நிமிராமலே சொன்னார்.

"இன்னொரு வாட்டி குடுக்கணும்னா இன்னொரு சோறு வாங்கியா ராஜா."

மச்சினி

தனத்தின் தங்கை குமாரி வியாசர்பாடியில் இருக்கிறாள். நல்ல மனசு, அதைவிடப் பெரிய வாய். என்னைப் பார்க்க வந்தவள், வீடு பூட்டியிருக்கவே அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொண்டு நேராக ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்துவிட்டாள். தன் அக்கா போகும்போது நான் எங்கே இருந்தேன் என்று காரியத்தன்றே என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவள். பெரியவரைப் பார்த்ததும் யார் என்று புரிந்துவிட்டது.

"ஊறுகா கேட்டது இந்த ஆளுதானா மாமா? நீ ஊறுகாய்க்குப் படி ஏறி எறங்கினு இருந்த, எங்கக்கா ஒண்டியா போய்ச் சேந்துச்சி. இவனுக்கே இன்னமும் சோறு வாங்கினு கீறியா?" தெருவே திரும்பிப் பார்த்தது. நான் அவளை அடக்குவதற்குள் எல்லாம் சொல்லியாகிவிட்டது.

கன்னியப்பன் வாய்க்குக் கொண்டுபோன கவளத்தை இலையிலேயே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"எனுக்குத் தெரியாது நைனா. தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பனா?"

வாங்காத பாதி

அதோடு அவர் என்னிடம் வாங்குவதை நிறுத்திவிட்டார். நான் போனால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தால், மறுநாள் அது நாய்க்குப் போயிருக்கும். வேறு யார் கொடுத்தாலும் பாதி நாள் வாங்குவதில்லை என்று பக்கத்தில் பூ விற்பவள் சொன்னாள். ஆள் கண்ணெதிரே வற்றிக்கொண்டு வந்தார். உண்மையைச் சொல்லாமல் விட்டதற்கு இப்படி ஒரு விலை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

கடைசியில் குமாரிக்கே போன் செய்தேன். அவளைத் திட்டவில்லை. அவள் அக்கா கட்டிலில் உட்கார்ந்து பிரித்ததையும், கை வைக்கும் முன்பு பிரித்ததையும், தன் பாதியை அவள் தொடவே இல்லை என்பதையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்போ எங்கக்கா கையால கடைசியா துன்னது அந்த ஆளுதானா மாமா?"

படையல்

தனத்தின் வருஷத் திதிக்குக் காலையில் வீட்டில் விளக்கேற்றிவிட்டு, குமாரி என்னை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனாள். கையில் தன் வீட்டுக்காரரின் சட்டையும் வேட்டியும். "எழுந்துரு நைனா. எங்கக்காவுக்குப் படையல். எல போட்டு உக்கார ஆள் வேணும்" என்றாள். கன்னியப்பன் அவளைப் பார்க்காமல், "ஊறுகா கேட்ட இந்த வாயாலயா?" என்று கேட்டார். "அந்த வாய்க்குத்தான்" என்றாள் குமாரி. கட்டணக் கழிப்பறையில் அவரைக் குளிக்க வைத்து, சட்டை மாட்டி, தனம் விரும்பிச் சாப்பிட்ட அதே மெஸ்ஸுக்குக் கூட்டிப் போனோம்.

மெஸ் அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், கெட்டவர் இல்லை. வாசலிலேயே என்னை ஓரம் கட்டினார். "அண்ணே, பார்சல்னா எத்தன வேணும்னாலும் கட்டித் தாரேன். உள்ள உக்கார வச்சா மத்தவங்க எந்திரிச்சுப் போயிருவாங்க." அவர் சொல்லி முடிப்பதற்குள் குமாரி பெரியவரை உட்கார வைத்து, இலையில் தண்ணீரும் தெளித்துவிட்டாள். சாம்பார் வாளியோடு பரிமாறுகிறவர் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்து நின்றார். அண்ணாச்சி சொன்னதுபோலவே எதிர் மேசையில் ஒருவர் எழுந்தார். கன்டெய்னர் லாரி டிரைவர். மெஸ்ஸே அவரைப் பார்த்தது. அவர் தண்ணீர் ஜக்கை எடுத்துவந்து பெரியவர் பக்கத்தில் வைத்துவிட்டு, பரிமாறுகிறவரிடம் சொன்னார்: "இன்னாத்த பாத்துகினு நிக்கிற? அவருக்கு ஊத்திட்டு இப்டி வா. எண்ணூர் ரோட்ல வண்டிய போட்டுட்டு வந்துகீறேன்."

வேறு யாரும் எழவில்லை. சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது, பொரியல் வந்தது. கன்னியப்பன் இலையின் மூலையில் வைத்த ஊறுகாயை மட்டும் ஒரு விரலால் மெதுவாக இலைக்கு வெளியே தள்ளினார். குமாரி அதைப் பார்த்தாள். தன் இலையிலிருந்த ஊறுகாயை எடுத்து அவர் சோற்றின் மேலேயே வைத்தாள்.

"துன்னு நைனா. எங்கக்கா அனுப்புனதுதான். வர்றதுக்குக் கொஞ்சம் லேட்டாயிட்ச்சி."

அவர் பிசைந்து தின்றார். இரண்டாவது முறை சோறு வாங்கினார். நாங்கள் கிளம்பும்போது அண்ணாச்சி என் தோளைத் தொட்டு, "அடுத்த வாட்டியும் கூட்டிட்டு வாங்கண்ணே. கூட்டம் சேருறதுக்கு முன்ன வாங்க, அவ்வளவுதான்" என்றார். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கூட்டத்துக்கு முந்தியே போய் ஓர மேசையில் உட்காருகிறோம். மற்ற நாட்களில் வழக்கம்போல் ஒரு பார்சல், இரண்டு பங்கு.

இத்தனை நாள் இந்தத் தொழில் பார்த்ததில் வாங்கிய சோறெல்லாம் தின்று தீர்ந்துவிட்டது, கேட்ட பேச்செல்லாம் உங்களிடம் சொல்லித் தீர்ந்துவிட்டது, ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அந்த ஊறுகாய்ப் பாக்கெட் மட்டும் பிரிக்காமல் என் அலமாரியில் இருக்கிறது.