முயலின் இரண்டாவது காது

போன வாரப் பத்திரிகையில் இதே இடத்தில் காலுறை முயலைப் பற்றி எழுதியிருந்தேனே, நினைவிருக்கிறதா? ஒரு பழைய காலுறை, ஒரு பிடி இலவம் பஞ்சு, கண்ணுக்கு இரண்டு பொத்தான், ஊசி, நூல். அரை மணித்தியாலம் போதும், குழந்தையே செய்துவிடும் என்று அடித்துச் சொல்லியிருந்தேன்.

அதை எழுதிய நாள்வரை, காலில் தைத்த முள்ளை எடுக்க மட்டுமே நான் ஊசியைத் தொட்டிருக்கிறேன். என் மனைவி ஒரு முயல் தைத்தபோது சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி பார்த்திருக்கிறேன். பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு எந்த வேலைதான் கஷ்டம்?

வெள்ளிக்கிழமை பின்னேரம் வினை வீட்டுக்குள்ளேயே வந்து நின்றது. ஒரு கையில் பத்திரிகை. மறு கையில் என்னுடைய கறுப்புக் காலுறை. மகள் பவானிக்கு எட்டு வயது... அச்சில் வந்ததெல்லாம் உண்மை என்று நம்புகிற வயது.

“அப்பா, நீங்கள் எழுதின முயலைச் செய்வம். கமலி நாளைக்குக் காலமை போறாள்.”

கமலி அடுத்த வீட்டுப் பிள்ளை. உலக யுத்தம் கொழும்புக்குக் கிட்ட வருகிறது என்ற பேச்சு எழுந்ததிலிருந்து எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு மூட்டை கட்டுகிறார்கள். பெண்களும் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்துக்கு. ஆண்கள் கந்தோர் வேலைக்காக இங்கே தங்கிச் சோற்றைக் கரியாக்குகிறார்கள். கமலியும் அவள் தாய் பாக்கியமும் காலை ரயிலில் புறப்படுகிறார்கள். எப்போது திரும்புவார்கள்? அது யாருக்குத் தெரியும்?

“கடையில ஒரு பொம்மை வாங்கிக் குடுப்பமே, பிள்ளை?”

“கடைப் பொம்மை அவளிட்டை இருக்கு. இது நாங்கள் குடுத்ததெண்டு அவளுக்குப் பார்த்த உடன தெரிய வேணும்.”

காலுறையை வாங்கிக்கொண்டு பாயை விரித்தேன்.

மனைவி கொட்டாஞ்சேனைக்குப் போயிருந்தாள். அங்கே அவள் தங்கைக்குக் காய்ச்சல். காய்ச்சல் வீட்டுக்குக் குழந்தையைக் கொண்டுபோவானேன் என்று, தவழுகிற சின்னவனை என் பொறுப்பில் விட்டிருந்தாள். ஆக, வீட்டில் மூன்று பேர். அதில் ஒருத்திக்கு மட்டும் புத்தி இருந்தது.

பள்ளிக்கூடத்தில் தையல் படிக்கிறவள் அல்லவா? உடம்பையும் முதல் காதையும் பவானியே தைத்துவிட்டாள். இரண்டாவது காது என் பங்கு. பாயில் சம்மணம் கட்டி, காதை மடியில் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு தைத்தேன். ஆகாயக் குண்டுக்குப் பயந்து போட்ட வெளிச்சக் கட்டுப்பாட்டுக்காகப் பல்பைச் சுற்றிக் கறுப்புக் காகிதம் கட்டியிருந்தது. அதற்குக் கீழே விழுந்த வெளிச்சம் ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவுதான். இருந்தாலும் தையல் ஓடியது. எனக்குள் ஒரு தையற்காரன் இத்தனை காலம் உறங்கிக் கிடந்தானோ?

அந்த நேரம் பார்த்துச் சின்னவன் பஞ்சுக் குவியலுக்குள் புகுந்து ஒரு பிடியை வாய்க்குள் திணித்தான். துள்ளி எழுந்தேன். இடுப்பில் உடுத்தியிருந்த சாரத்தை முழங்காலுக்கு மேல் உயர்த்தி மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்து அவனைத் தூக்கி, வாயிலிருந்த பஞ்சை விரலால் தோண்டி எடுத்தேன். வென்றுவிட்டோம் என்று திரும்பினால் பாயில் காது இல்லை. காதில் குத்தி வைத்த ஊசியும் இல்லை.

யுத்தம் வந்தபின் ஊசிக்கும் தட்டுப்பாடு. வீட்டில் இருந்ததே அந்த ஒன்றுதான். ஆனால் அப்போது நான் தட்டுப்பாட்டையா நினைத்தேன்? சின்னவனின் வாயைத்தான் பார்த்தேன்.

அவனைத் தலைகீழாகப் பிடித்தேன். சிரித்தான். முதுகில் தட்டினேன். இன்னும் சிரித்தான். ஊசி விழுங்கினவனுக்கு வாழைப்பழம் கொடுக்க வேண்டும் என்று எங்கோ கேட்ட ஞாபகம். கொடுத்தேன். அதை என் தலையில் பூசினான். நான் நின்ற இடத்தில் நின்றபடியே பொரளை ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டரின் காலில் விழுந்து, மனைவிக்குச் சொல்லவேண்டிய வசனத்தையும் இரண்டு விதமாக யோசித்து முடித்துவிட்டேன்.

பவானி பாயை உதறிப் பார்த்தாள். கதிரைக்குக் கீழே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அப்பா, ஊசி குத்தினா அழுவானெல்லோ? இவன் சோத்தையே விழுங்கிறேல்லை. ஊசியை ஏன் விழுங்கப்போறான்?”

வழக்கறிஞர்கள் இப்படிப் பேசினால் எத்தனை வழக்குகள் சீக்கிரம் முடியும்!

அவள் குரல் அதன்பிறகுதான் இறங்கியது. “ஒரு காதோடை குடுக்கேலாது, அப்பா. எலி எண்டு நினைப்பாள்.”

மிச்சமிருந்த துணியில் இன்னொரு காது வெட்டலாம். ஊசிக்கு எங்கே போவது? சின்னவனை அவளிடம் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுப் படி ஏறினேன். யாருக்காக முயலோ, அவர்கள் வீட்டிலேயே ஊசி இரவல்! கமலிக்குத் தெரியக்கூடாது என்று வழியிலேயே ஒரு பொய்யையும் தயார் செய்துகொண்டேன்.

பாக்கியம் கதவைத் திறந்தாள். உள்ளே சாமிப் படத்துக்கு விளக்கு எரிந்தது. சுற்றிலும் மூட்டைகள்.

“தங்கச்சி, ஒரு ஊசி இருக்குமோ? சட்டைத் தெறி ஒண்டு விழுந்திட்டுது.”

“அண்ணை, பொழுதுபட்டாச்சு. அதுவும் வெள்ளிக்கிழமை. விளக்கு வைச்ச பிறகு ஊசி குடுக்கிறேல்லை எண்டு உங்களுக்குத் தெரியாதோ?”

தெரியும். என்னிடம் கேட்டிருந்தால் நானும் கொடுத்திருக்க மாட்டேன். தலையைச் சொறிந்தேன், கையில் வாழைப்பழம் வந்தது. அப்போதுதான் இன்னொரு விஷயம் உறைத்தது... ஒரு பெண்ணின் முன்னால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டா நிற்கிறேன்? சட்டென்று மடிப்பை அவிழ்த்துக் கீழே விட்டேன்.

முழங்காலுக்கு நேராக ஒரு கறுப்புக் காது தொங்கியது. அதன் நுனியில் நூல். நூலின் நுனியில் ஊசி.

காதை மட்டும் அல்ல, காதையும் சாரத்தையும் சேர்த்துத்தான் இவ்வளவு நேரமும் தைத்திருக்கிறேன்!

பாக்கியம் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். குனிந்து நிதானமாகப் பார்த்தாள்.

“போன கிழமை எழுதின முயலோ, அண்ணை?”

“ஓம்...”

“குழந்தையே செய்யும் எண்டு போட்டிருந்தீங்கள்.”

உள்ளேயிருந்து கமலியின் குரல்: “அம்மா, ஆர் வந்தது?”

“அடுத்த வீட்டு மாமா, பிள்ளை. ரயிலுக்கு எத்தினை மணிக்குப் போறம் எண்டு கேக்க வந்தவர்,” என்றாள் பாக்கியம். என்னிடம் குரலைத் தாழ்த்தி, “நிண்டு யோசிக்காதேங்கோ. போய்த் தைச்சு முடியுங்கோ,” என்றாள். கதவைச் சாத்தினாள்.

வீட்டில் தையலைப் பிரிக்கப் பார்த்தோம். வரவில்லை. என் தையல் அவ்வளவு உறுதி! கடைசியில் பவானி கத்தரிக்கோலை எடுத்து, காதைச் சுற்றிச் சாரத்தையும் சேர்த்தே வெட்டி, முயலின் தலையில் வைத்தாள். மிச்சத் தையல் என்னுடையது. இம்முறை சாப்பாட்டு மேசையில் வைத்துத் தைத்தேன். வெளியே கறுப்பு, உள்ளே நீலக் கட்டம். நிஜ முயலுக்கும் காதின் உள்பக்கம் வேறு நிறம்தானே?

இரவு கொட்டாஞ்சேனையிலிருந்து திரும்பிய மனைவி முயலைப் பார்த்தாள். சாரத்தைப் பார்த்தாள். என் தலையைப் பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, அடுத்த கிழமை சமையலைப் பற்றி ஒண்டும் எழுதிப்போடாதேங்கோ.”

காலையில் கார் வந்து நின்றது. மூட்டைகள் ஏறின. பவானி முயலை நீட்டினாள். கமலி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டாவது காதை விரித்தாள்.

“இது உங்கடை அப்பான்ரை சாரமெல்லோ?”

“ஓம்,” என்றாள் பவானி. அவள் கேட்டது கிடைத்துவிட்டது. எந்தக் கடையில் அப்படி ஒரு காது விற்கிறார்கள்?

கமலி காருக்குள் ஏறி, முயலை ஜன்னலோரம் தன் பக்கத்தில் இருத்தினாள். பாக்கியம் மட்டும் திரும்பி என்னிடம் வந்தாள். கடதாசியில் குத்திய புது ஊசி ஒன்றை நீட்டினாள்.

“இப்ப விடிஞ்சிட்டுது, அண்ணை. குடுக்கலாம். கவனமா வைச்சிருங்கோ. நாங்கள் திரும்பி வரேக்கை அந்தக் காது கழண்டிருக்கும்.”

வைத்திருக்கிறேன். அலுமாரிக்குள்... சாரங்கள் இல்லாத தட்டில்.