வேலிக்குள் வந்த மான்

ஜேர்மனியில் நாங்கள் காடு வாங்கிய கதையைக் கேட்டு இங்குள்ள ஊன்ட்றொப் கோயில் திருவிழாவில் சிரிக்காத ஆள் இல்லை. "வீடு கட்டலாமோ?" என்பார்கள். ஏலாது. "அப்ப மரத்தை வித்துக் காசாக்கலாமோ?" ஆக்கலாம், பேரப்பிள்ளைகளின் காலத்துக்குப் பிறகு. அதற்குமேல் என் கணவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வடை வாங்கப் போய்விடுவார்கள்.

எனக்கும் சிரிப்புத்தான். வண்டு அரித்துப் பட்டுப்போன ஊசியிலை மரங்களை முன்பிருந்தவர் தறித்து விற்றுவிட்டார். எங்களுக்குக் கிடைத்தது அடிக்கட்டைகள் நிறைந்த ஒரு மொட்டைச் சரிவு. அதில் இவர் ஓக் கன்றுகள் வைத்தார். வேலைக்காலம் முழுக்கத் தொழிற்சாலையில் இரும்போடு மாரடித்த மனிதர், முதுகுவலியை மறந்து குழி வெட்டினார். இந்தக் கன்றுகள் பிழைக்காவிட்டால் இவர் உடைந்துபோவார் என்று எனக்கு அப்போதே பயம்.

குருத்துகளை மான்கள் மேய்ந்தன. யாழ்ப்பாணத்தார் அல்லவா, உடனே வேலி அடித்தோம். காட்டுப்பன்றி அடிக்கம்பியைக் கிளப்பியது. அந்த ஓட்டையால் மான் நுழைந்தது. அடைக்க அடைக்கப் பன்றி கிளப்பியது.

அந்த வட்டாரத்தில் வேட்டை உரிமையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் ஒரு பெண் பல் வைத்தியர். காணி எங்களுடையதென்றாலும் அதில் சுடும் உரிமை அவருக்குத்தான். ஆனாலும் மானைச் சுடலாமா என்று மரியாதைக்கு வந்து கேட்டார். இவர் தலையாட்டுமுன் நான் முந்திக்கொண்டேன். வேண்டாம், இலை தின்றதற்கு உயிரை எடுப்பதா? நான் சம்மதிக்கும்வரை எங்கள் காணிக்குள் சுடமாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார். "பல்லுப் பிடுங்கிறது காணாதெண்டு இது வேறையோ?" என்று வீடு வரும்வரை புறுபுறுத்தேன்.

அடுத்த வசந்தத்திலும் அதே கதை. அநேகமாகத் துளிர்த்த நுனியெல்லாம் கடிபட்டிருந்தது. இவர் ஒரு கன்றின் முன்னால் குந்தியிருந்தார்.

"விடுமப்பா. காணியை வித்துப்போடுவம்," என்றார்.

குரலில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஒண்டும் விக்க வேண்டாம். அவவை வரச் சொல்லுங்கோ," என்றேன்.

மே மாதத்தில் ஒரு காலை வைத்தியர் தொலைபேசியில் கூப்பிட்டார். போனோம். வேலிக்குள்ளேயே ஒரு கிடாய் மான் சரிந்து கிடந்தது. பார்க்கவே மாட்டேன் என்று வந்த நான் பார்த்தேன். வைத்தியர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சுற்றுமுற்றும் எதையோ தேடினார். சுட்ட மானின் வாயில் ஒரு சிறு கொப்பு வைக்க வேண்டும், அது அதன் கடைசிக் கவளம், இங்கே வேட்டைக்காரரின் வழக்கம் அது என்றார். ஓக் என்றால் நல்லதாம்.

வாய்க்கரிசி. அப்பா செத்தபோது நான் விசா இல்லாமல் இங்கே முடங்கிக் கிடந்தேன். எல்லாரும் போட்டார்கள், நான் போடவில்லை.

சுற்றிலும் அடிக்கட்டைகள்தான். கடிபடாமல் தப்பியிருந்தது ஒரேயொரு கன்று. வரும்போதெல்லாம் இவர் முதலில் போய்ப் பார்ப்பது அதைத்தான். நான் இவர் முகத்தைப் பார்த்தேன்.

"நீரே முறிச்சு வையும்," என்றார்.

முறித்தேன். மானின் வாய் இன்னும் சூடாக இருந்தது. இத்தனை நாளும் அது களவாய்த் தின்ன வந்த குருத்தை அன்று நானே அதற்கு ஊட்டினேன்.