என் கொழுந்தன் எடுத்த லைன்

என் கொழுந்தனுக்கு மின்கம்பத்தில் ஏறுகிற வேலை. அறுந்த கம்பியை இழுத்துக் கட்டுவான், தொங்குவதை விறைப்பாக்குவான். தெருவில் அவனுக்குக் காக்கா என்று பெயர். நடக்கும்போதும் மேலே கம்பியைப் பார்த்துக்கொண்டே நடந்து, கீழே கிடக்கிற கல் அத்தனையிலும் இடித்துக்கொள்வான். காலில் ஒரு நகம் உருப்படியாக இருந்ததில்லை. பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் கம்பத்தில் ஏறுகிறவனா என்று கேட்டுக் கையை விரித்துவிட்டார்கள். அதையும் சிரித்துக்கொண்டே வந்து சொல்வான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் வீட்டுக்காரர் அவனுடைய அண்ணன். துணைமின் நிலையத்தில் சுவிட்சுகளைப் பார்த்துக்கொள்கிறவர். மாமனார் இறந்தபோது கொழுந்தன் புயலில் சாய்ந்த கம்பங்களை நிமிர்த்த வெளியூர் போயிருந்தான். இவர் அவனுக்காகக் காத்திருக்கவில்லை. அவன் ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்றோடு பேச்சு நின்றது. இவர் வேலைக்குக் கிளம்பிய பிறகு அடுக்களைப் பக்கமாக வந்து சாப்பிட்டுப் போவான். இவருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். இரண்டும் சரியான அழுத்தம். நடுவில் கிடந்து அல்லாடியது நான்தான்.

ஆனால் வேலை விடுமா? கம்பியில் கை வைக்குமுன் அவன் நிலையத்துக்குப் போன் செய்து லைனை நிறுத்தச் சொல்ல வேண்டும். லைன் கிளியர் எடுப்பது என்பார்கள். முடிந்ததும், எடுத்தவனே கூப்பிட்டுத் திருப்பித் தர வேண்டும். வேறு யார் சொன்னாலும் மின்சாரம் விடக் கூடாது. அதனால் அவர்களுக்குள் அந்த ஒரு பேச்சு மட்டும் மிச்சமிருந்தது. "இறங்கிட்டேன்" என்பான். "இறங்கிட்டியா?" என்று இவர் திருப்பிக் கேட்பார். "இறங்கிட்டேன்." போனை வைத்துவிடுவார்கள்.

அந்த வாரம் நான் ஒரே பிடியாய் நின்றேன். தம்பியோடு பேசும்வரை நானும் உங்களோடு பேச மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடினால் அந்த மனுஷனுக்குக் கிலி பிடித்துவிடும். கடைசியில் ஒருநாள் காலை வழிக்கு வந்தார். இன்றைக்கு அவன் லைனைத் திருப்பித் தரும்போது வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுகிறேன், போதுமா என்றார். எனக்கு நம்பிக்கையில்லை. சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்கே போய் உட்கார்ந்துவிட்டேன்.

காலையில் அடித்த காற்றில் மரம் விழுந்து கம்பி அறுந்திருந்தது. கொழுந்தன் லைன் எடுத்திருந்தான். மதியத்துக்குமேல் போன் அடித்தது. இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தார். பேசியது கூட வேலை செய்கிற லைன்மேன். பழுதான பகுதியைத் தனியாகப் பிரித்துவிட்டோம், எல்லாரும் கீழேதான் இருக்கிறோம், மீதி லைனை விடலாம் என்றான்.

"அவன் எங்க?"

அவன் வேலையாக இருக்கிறான், என்னைச் சொல்லச் சொன்னான் என்றான்.

"எடுத்தவன் அவன். அவன்கிட்ட போனைக் குடு."

லைன்மேன் சட்டென்று போனை வைத்துவிட்டான். பார்த்தாயா, என்னோடு பேசப் பிடிக்காமல் ஆளை விட்டுப் பேசுகிறான் என்று இவர் என்மேல் பாய்ந்தார். எனக்கும் கொழுந்தன்மேல்தான் எரிச்சல் வந்தது. நல்ல நாள் பார்த்து வீம்பு பண்ணுகிறானே என்று திட்டினேன். பாவி நான், வாய்விட்டுத் திட்டினேன்.

ஆஸ்பத்திரிக்குக் கரண்ட் வேண்டும், தண்ணீர் ஏற்ற வேண்டும் என்று போன்மேல் போன். அவன் பேசட்டும், விடுகிறேன் என்பதைத் தவிர இவர் வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் மின்வாரிய அதிகாரி நேரில் வந்தார். சட்டையெல்லாம் மண். கம்பியை ஒரு பக்கம் வெட்டியதும், மறுபக்கத்து இழுப்புத் தாங்காமல், அடியில் விரிசல் விட்டிருந்த கம்பம் கொழுந்தனோடு சேர்ந்து சாய்ந்துவிட்டதாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டதாம். அண்ணனிடம் போனில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் அந்த லைன்மேன் அப்படிப் பேசினானாம்.

நான் தரையில் விழுந்து கதறினேன். இவர் அழவில்லை. அதிகாரி, லைன் முழுக்க நானே நடந்து பார்த்துவிட்டேன், மேலே யாரும் இல்லை என்று சொல்லி, கொழுந்தன் எடுத்த லைன் கிளியரைக் கையெழுத்துப் போட்டு ரத்து செய்தார். இனி விடலாம் என்றார். இவர் எழுந்து சுவிட்சுக்கு முன்னால் போய் நின்றார்.

"அவன் இறங்கிட்டேன்னு சொல்லலையே சார்," என்றார். "நான் எப்படி விடுவேன்?"

அதிகாரிதான் சுவிட்சைப் போட்டார். இவர் திரும்பி வந்து போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்கு வாங்க என்று எத்தனை தரம் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.