ஞானேஸ்வரியக்காவின் வீட்டை யாரும் கேட்கவில்லை

ஞானேஸ்வரியக்காவுக்குக் கோபம் வந்தால் டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் பக்கத்துத் தெருச் சைக்கிளுக்கும் காற்றுப் போய்விடும். ஐம்பத்தெட்டு வயது, ஐந்தடி உயரம். முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை. அவர் கட்டிலிலிருந்து தூக்கி நிறுத்திய டெனிஷ்காரரை வரிசையாக விட்டால் வால் தூரத்து ஒடென்சே நகரில் நிற்கும். கடைசியில் அக்காவின் முதுகு போனது. பிறகு வேலை போனது. வீட்டுக்கடன் கட்ட முடியாமல் வீடு கட்டாய ஏலத்துக்கு வந்தது.

வீடு போவதற்கு அக்கா அழவில்லை. கடன் பதினாலு லட்சம் குரோனர். ஏலத்தில் அதற்குக் குறைந்து போனால் மிச்சம் அவருடைய தலையில். அந்த ஒன்றுக்குத்தான் பயந்தார்.

ஏலத்தன்று ரண்டர்ஸ் தமிழர் நாங்கள் இருபத்தேழு பேர் செத்தவீட்டுக்குப் போவதுபோல் நீதிமன்றத்துக்குப் போனோம். அதற்கு முந்தின ஞாயிறே தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் வைத்து எங்களில் ஒருவனான குலேந்திரன் சொல்லிவிட்டான்:

"ஒருத்தரும் கை தூக்கப்படாது. எங்கட அக்காவின்ர வீட்டை நாங்களே ஏலத்தில எடுத்தமெண்டு பேர் வரப்படாது."

எல்லோரும் தலையாட்டினோம். நான் ஆட்டிய ஆட்டில் இரண்டு நாள் கழுத்து வலித்தது.

ஏலத்தில் கேட்டது, வீடு வாங்கி விற்கிற ஒரு நீலக் கோட்டுக்காரர். ஒன்பது லட்சம். வேறு யாராவது உண்டா என்று நீதிபதி எங்களைப் பார்த்தார். நாங்கள் சப்பாத்தைப் பார்த்தோம். மூன்று தரம் சொன்னார். முடிந்தது.

வெளியே வந்ததும் குலேந்திரன் பரிசு வாங்குகிறவன் மாதிரி முன்னால் போய் நின்றான்.

"கவலைப்படாதைங்கோ அக்கா. எங்கட ஆக்கள் ஒருத்தரும் கேக்கேல்லை."

"ஏன் கேக்கேல்லை?"

"உங்கட வீடெல்லே. ஒரு மரியாதைக்கு..."

"மரியாதையோ! இனி மிச்ச அஞ்சு லட்சத்தை ஆர் கட்டுறது? உன்ர மரியாதை வந்து கட்டுமோ?"

கூரையிலிருந்த புறாக்கள் சுவீடனுக்கே பறந்திருக்கும். குலேந்திரனின் மனைவி அஜந்தினிக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"இவருக்கு அந்த வீட்டில சரியான விருப்பம் அக்கா. பதினைஞ்சு லட்சம் வரைக்கும் பாங்கில கடன் கடிதமும் எடுத்து வைச்சிருக்கிறார்."

அக்கா மெதுவாகத் திரும்பினார்.

"கடிதத்தைப் பொக்கற்றுக்க வைச்சுக்கொண்டோ சப்பாத்தைப் பாத்தனி?"

குலேந்திரன் இப்போதும் சப்பாத்தைத்தான் பார்த்தான். அக்கா விறுவிறென்று திரும்பி உள்ளே போனார். வீட்டுச் சொந்தக்காரர் ஒருமுறை மறு ஏலம் கேட்கலாம் என்று நீதிமன்றக் கடுதாசியில் எழுதியிருந்தது. கேட்டார். நாலு கிழமைக்குப் பிறகு ஒரு நாள் கிடைத்தது.

அதற்குள் வீடு வீடாக வந்து ஏசினார். என் வீட்டுக்கும் வந்தார்.

"ஸ்ரனிஸ்லாஸ், கை தூக்கிறவை மட்டும் வந்தாக் காணும். பாத்துக்கொண்டிருக்க இது படமில்லை."

"நான் பஸ் ஓட்டுறவன் அக்கா. தூக்கினா என்னைத்தான் விக்கவேணும்."

"உன்னை ஆர் வாங்கிறது? வாறதெண்டா கையைத் தொடைக்குக் கீழ வைச்சுக்கொண்டிரு."

மறு ஏலத்தில் அப்படியே இருந்தேன். இந்த முறை நாங்கள் ஆறு பேர்தான். நீலக் கோட்டு ஒன்பதரை என்றது. குலேந்திரன் பத்து என்றான். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. நீலக் கோட்டு பதின்மூன்றரைக்குப் போனதும் குலேந்திரன் மறுபடி சப்பாத்தைப் பார்த்தான்.

முன் வரிசையிலிருந்து அக்கா திரும்பாமலே கத்தினார்:

"கூரை போன வருசம்தான் மாத்தினது, குலேந்திரன்!"

நீதிபதி மேசையில் தட்டினார். அக்கா வாயை மூடினார். பின்கழுத்து மட்டும் சிவந்துகொண்டே போனது. அந்தக் கழுத்தைப் பார்த்துத்தான் குலேந்திரன் பதினாலு லட்சத்து இருபதாயிரம் என்றான். நீலக் கோட்டு பையை மூடியது. மூன்று தரம் சொல்லி முடிந்தது.

வெளியே குலேந்திரன் பயந்து பயந்து கேட்டான்:

"இன்னும் கோவமோ அக்கா?"

"ஓம். அண்டைக்கே இதைச் செய்திருந்தா நான் நாலு கிழமை நித்திரை கொண்டிருப்பன். பின்கதவு இறுகும், தூக்கித்தான் திறக்கவேணும். உன்ர முதுகு நல்லாத்தானே இருக்கு."

பிறகு ஒருவரையும் பார்க்காமல் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார். அது என்னுடைய பஸ். நல்ல வேளை, அன்று நான் லீவு.