வெயிலுக்கு லீவு

போன மாதம் ஒரு நாள் காலை. கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருந்தது. மாடி வீட்டு மதிவதனி இறங்கி வந்தாள்.

"ஆன்ட்டி, அதைக் கொஞ்சம் நிறுத்துறீங்களா? ஒண்ணு கேட்டுச் சொல்லணும்."

நிறுத்தினேன். போனை மேஜைமேல் வைத்து ஒரு வாய்ஸ் மெசேஜை ஓடவிட்டாள். ஒரு பெண் குரல். பின்னால் எங்கோ டிராக்டர் சத்தம்.

"வணக்கம்ங்க... நான் கவிப்ரியாவோட அம்மா பேசுறேன். அது போனுலேர்ந்துதான் பேசுறேன். அது தூங்குது. நீங்க யாரு எவருன்னு எனக்குத் தெரியாதும்மா. ஆனா நீங்க சொன்னா அது கேக்கும். காலேஜுக்குப் போகச் சொல்லுங்க. வெயில்ல போனா ஒண்ணும் ஆயிடாதுன்னு சொல்லுங்க. நாங்க எல்லாம் வெயில்லதானே கெடக்குறோம்... என் நம்பர் சொல்றேன், எழுதிக்கிறீங்களா..."

நம்பரைச் சொன்னதோடு முடிந்தது. மதி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதை யாருக்கு அனுப்பியிருக்காங்க?" என்றேன்.

"எனக்கு."

மதியைப் பற்றிச் சொன்னால்தான் இது புரியும். சொந்த ஊர் ஒரத்தநாடு பக்கம். அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இருவரும் தஞ்சாவூரில் எங்கள் மாடியில் குடியிருக்கிறார்கள். பெண் இன்ஜினீயரிங் முடித்தாள். படித்ததற்கு வேலை கிடைக்கவில்லை. கிடைத்த வேலை – கம்யூனிட்டி மேனேஜர். வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

அப்படி என்றால் என்ன வேலை? நானும் அதைத்தான் கேட்டேன்.

ஒரு சிவப்பழகு முகப்பூச்சு கம்பெனி. பெயர் வேண்டாம். அவர்களுக்கு விளம்பரம் மட்டும் போதவில்லை. க்ரீம் வாங்குகிற பெண்களையெல்லாம் ஆன்லைனில் ஒரு குழுவாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். குழுவில் யாரையும் கஸ்டமர் என்று சொல்லக் கூடாது. எல்லாரும் 'தங்கைகள்'. தங்கைகள் இருந்தால் அக்கா வேண்டுமல்லவா? அக்கா உண்டு. நிலா அக்கா.

நிலா அக்காவுக்குப் படமும் உண்டு. கம்ப்யூட்டரில் செய்த படம். வெண்ணெய் மாதிரி ஒரு முகம், கன்னத்தில் குழி. அப்படி ஒருத்தி உலகத்தில் கிடையாது. தமிழ்க் குழுவில் நிலா அக்காவாக உட்கார்ந்து டைப் அடிப்பது எங்கள் மாடி வீட்டு மதி.

காலையில், 'எழுந்தாச்சா தங்கம்?' மதியம், 'சாப்ட்டீங்களா?' பரீட்சை நேரத்தில், 'பயப்படாம எழுதுங்க, அக்கா இருக்கேன்.' இடையிடையே க்ரீம்.

நம் காலத்தில் டிவியில் ஒரு நடிகை வந்து சோப்பைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். சாப்பிட்டாயா என்று அவர் என்றைக்காவது நம்மைக் கேட்டிருக்கிறாரா?

மதி இந்த வேலையை நன்றாகச் செய்தாள். அதுதான் சிக்கலே. கூடப்பிறந்தவர்கள் இல்லாத பெண். யாரோ ஒரு சின்னப் பெண் 'அக்கா, அப்பா குடிச்சிட்டு வந்திருக்காரு' என்று எழுதினால், சாப்பாட்டைத் தட்டில் போட்டபடி விட்டுவிட்டுப் பதில் எழுதுவாள். கம்பெனி அவளைப் பாராட்டியது. மற்ற மொழிக் குழுக்களைவிடத் தமிழ்க் குழுவில் 'என்கேஜ்மென்ட்' – அதாவது பேச்சும் பதிலும் – அதிகமாம்.

அந்தக் குழுவுக்குள் வந்தவள்தான் கவிப்ரியா. திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம். பி.எஸ்சி. படிக்கிறாள். அம்மா கூலி நடவுக்குப் போகிறவர், அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில். குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான்.

காலேஜில் புதுப் பிள்ளைகளுக்கு வரவேற்பு விழா. எல்லாரும் சேர்ந்து எடுத்த போட்டோவை யாரோ இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறார்கள். கவியைக் காட்டி ஒருவன் கமென்ட் எழுதினான் – 'இந்த இடத்துல மட்டும் கரன்ட் கட்டா?' அதற்கு எத்தனையோ பேர் சிரிப்பு பொம்மை போட்டார்கள். கூடப் படிக்கிறவர்கள். பக்கத்தில் உட்காருகிறவர்கள்.

வீட்டில் இதை அவள் சொல்லவில்லை. அம்மாவிடம் எப்படிச் சொல்வாள்? நிறமே அம்மா கொடுத்ததுதானே. நிலா அக்காவிடம் சொன்னாள்.

நிலா அக்கா ஆறுதல் சொன்னார். 'கவலைப்படாதே தங்கம்.' அதற்குக் கீழே க்ரீமுக்கான லிங்க். லிங்க் வைக்காமல் பதில் அனுப்பக் கூடாது என்பது கம்பெனி விதி.

பிறகு, ஆடி மாதத்தில் கம்பெனி ஒரு சேலஞ்ச் அறிவித்தது. தமிழில் நச்சென்று ஒரு தலைப்பு வேண்டும் என்று கேட்டார்கள். மதி யோசித்துக் கொடுத்தாள். 'வெயிலுக்கு லீவு.'

பகலில் வெயில் முகத்தில் படக்கூடாது. காலையும் மாலையும் க்ரீம். கன்னத்தையும் கம்பெனி அனுப்பிய நிற அட்டையையும் சேர்த்து வைத்து தினமும் ஒரு போட்டோ. விடாமல் செய்பவர்களுக்குப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.

பெரும்பாலான பெண்கள் கொஞ்ச நாள் விளையாடிவிட்டு விட்டுவிட்டார்கள். கவி விடவில்லை. முதலில் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். அடுத்து மதிய வகுப்புக்கு மட்டம். அப்புறம் காலேஜுக்கே மட்டம். ஒவ்வொரு நாளும் போட்டோ மட்டும் தவறாமல் வந்தது. அதற்கு ஒவ்வொரு நாளும் நிலா அக்கா 'என் செல்லத் தங்கை' என்று ஹார்ட் போட்டார். சேலஞ்ச் முடிந்தது. குழு அடுத்த போட்டிக்குப் போய்விட்டது. கவி அந்த லீவிலேயே தங்கிவிட்டாள்.

இத்தனையும் ஒரே பெண்ணுக்கு நடந்தது என்பது மதிக்கு அந்த வாய்ஸ் மெசேஜைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. பழைய உரையாடல்களை மேலே தள்ளித் தள்ளிப் படித்து, ஒன்றோடு ஒன்று சேர்த்து எனக்குச் சொன்னாள்.

முதலில் கம்பெனியில் தன் டீம் லீடரிடம் பேசினாள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். நல்ல பையன்தான், கனிவாகத்தான் பேசினான். "பாசிட்டிவா ஒரு ரிப்ளை போட்டு க்ளோஸ் பண்ணிடு மதி. அந்த வாய்ஸ் நோட்டை டெலீட் பண்ணிடு, மத்தவங்க பார்த்தா பேனிக் ஆவாங்க. நீ ரொம்பப் பர்சனலா எடுத்துக்காத."

மதி பர்சனலாக எடுத்துக்கொண்டாள். நிலா அக்காவாகவே கவிக்குத் தனியாக எழுதினாள். லிங்க் இல்லாமல். 'கவி, போதும்டா. வெயில் ஒண்ணும் செய்யாது. க்ரீமும் ஒண்ணும் செய்யாது. உன் நிறம் நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு காலேஜுக்குப் போ.'

கவி என்ன செய்தாள் தெரியுமா? கம்பெனிக்குப் புகார் அனுப்பினாள். 'நிலா அக்கா அக்கவுன்ட்ட யாரோ ஹேக் பண்ணிட்டாங்க. அக்கா இப்படிப் பேச மாட்டாங்க. சீக்கிரம் மீட்டுக் கொடுங்க.'

அதைப் படித்துவிட்டு மதி சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கவே வேண்டாம்.

"நேர்ல போறேன் ஆன்ட்டி," என்றாள்.

"நானும் வர்றேன்," என்றேன்.

அந்த அம்மாவுக்குப் போன் செய்தோம். பெயர் செல்வி. வருகிறோம் என்றோம். "வாங்கம்மா... எத்தினி பேரு வருவீங்க? சோறாக்கி வைக்கிறேன்," என்றார்.

மன்னார்குடியில் பஸ் மாறிப் போனோம். சம்பா நடவு நேரம். வாய்க்கால் நிறையத் தண்ணீர். ரோட்டின் இரண்டு பக்கமும் பெண்கள் வரிசையாகக் குனிந்து நின்றார்கள். புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு. புரட்டாசி வெயில் சாதாரண வெயிலா? மதி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அவர்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

செல்வி எங்களுக்காக வயலிலிருந்து பாதியில் கரையேறி வந்திருந்தார். முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. காலைக் கழுவக்கூட இல்லாமல் எங்களுக்கு நாற்காலி தேடினார்.

"உள்ளதாம்மா இருக்கு. காலைலேர்ந்து ஒரு டீதான் குடிச்சிருக்கு," என்றார். மதியைப் பார்த்தார். "நீங்கதான் அந்த அக்காங்களா? எம்பொண்ணு மாதிரியே இருக்கீங்க."

அரசு கட்டிக்கொடுத்த காங்க்ரீட் வீடு. ஒரே ஓர் உள் அறை. அதன் ஜன்னலை உர மூட்டைச் சாக்கால் மூடி, ஓரமெல்லாம் டேப் ஒட்டியிருந்தது. கதவுக்கு அடியில் துணி செருகியிருந்தது. ஒரு துளி வெளிச்சம் போகாது. உள்ளே வியர்வையும் க்ரீம் வாசனையும் கலந்த ஒரு புழுக்கம்.

கவி பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நல்ல வளர்த்தி. கண்கள் மட்டும் உள்ளே போயிருந்தன. போன் வெளிச்சத்தில் எங்களை மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

மதி பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "கவி, நான்தான் நிலா அக்கா. என் நிஜப் பேரு மதி. உன்கிட்ட தினமும் பேசுனது நான்தான்."

மதி இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்தாள்.

"ஃப்ரெஷர்ஸ் டே போட்டோ பத்தி நீ எழுதுனப்ப நான்தான் பதில் போட்டேன். ராத்திரி கரன்ட் போச்சுன்னா பயமா இருக்கும்னு சொன்னியே... உங்க அம்மாவுக்கு முதுகு வலின்னு சொன்னியே..."

செல்வி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதுகு வலி விஷயம் மகளுக்குத் தெரியும் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது போலிருக்கிறது.

கவி போனின் டார்ச்சைப் போட்டாள். மதியின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். நெற்றி, கன்னம், கழுத்து என்று நிதானமாக நகர்த்திப் பார்த்தாள்.

மதி நல்ல கறுப்பு. இதுவரை உங்களிடம் நான் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவும் தோன்றவில்லை. கம்பெனி இலவசமாக அனுப்புகிற டப்பாக்கள் எங்கள் மாடிப்படிக்கு அடியில் பிரிக்காமல் கிடக்கின்றன.

"நீங்க அக்கா இல்ல," என்றாள் கவி.

"நான்தான்டா."

"அக்கா இப்படி இருக்க மாட்டாங்க."

குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். டார்ச்சை அணைத்துவிட்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மதி அவள் தோளைத் தொடப் போனாள். "வெளிச்சம் வருது, கதவச் சாத்துங்க," என்றாள் கவி.

நாங்கள் வெளியே வந்தோம். செல்வி சாப்பிடச் சொன்னார். இலையில் உட்கார்ந்தோம். மூன்று பேருக்கும் இறங்கவில்லை.

"அந்தப் பையன் எழுதுனது எனக்குத் தெரியாதும்மா," என்றார் செல்வி. "எங்கிட்ட சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கும் தெரியல." பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வயலுக்குக் கிளம்பினார். பாதி நடவு பாக்கி இருந்தது.

மதி மறுநாளே வேலையை விட்டாள். விடுவதற்கு முன் குழுவில் எல்லாருக்குமாக ஒன்று எழுதினாள். நிலா அக்கா என்று யாரும் இல்லை, நான் தஞ்சாவூரில் இருக்கிறேன், நானும் கறுப்புதான் – இவ்வளவுதான். சேர்த்துத் தன் போட்டோவையும் போட்டாள். டீ ஆறுவதற்குள் அது காணாமல் போனது. அவளும் குழுவிலிருந்து காணாமல் போனாள். குழுவில் சாதாரண உறுப்பினராக இருக்கிற ஒரு தோழியின் போனில் அவள் அன்று மாலை பார்த்தாள். 'சின்ன டெக்னிக்கல் பிரச்சனை, அக்கா வந்துட்டேன் தங்கங்களா' என்று நிலா அக்கா எழுதியிருந்தார். அதே கன்னக்குழி. யாரோ புது ஆள்.

முதல் ஹார்ட் கவிப்ரியா போட்டது. 'எனக்குத் தெரியும் அக்கா, நீங்க வந்துடுவீங்கன்னு.'

போனால் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள், பெரியவர்கள் பேச்சைக் கேட்பதில்லை என்று நாம் புலம்புகிறோம். நானே இந்தப் பகுதியில் எழுதிப் புலம்பியிருக்கிறேன். கவி எந்தப் பேச்சைக் கேட்கவில்லை? சொன்னதைச் சொன்னபடி, ஒரு நாள் தவறாமல் செய்தாள். அவ்வளவு அடக்கமான பெண் எந்த வீட்டில் இருக்கிறாள்?

மதி இப்போது ஒரு டியூஷன் சென்டரில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். போனில் யார் மெசேஜ் வந்தாலும் உடனே எடுப்பதில்லை. அவளிடம் நான் கவியைப் பற்றிப் பேச்செடுப்பதும் இல்லை.

நேற்று முன்தினம் செல்வி என்னைக் கூப்பிட்டார். காலேஜில் அட்டெண்டன்ஸ் போதாதென்று இந்தப் பரீட்சை எழுத விடவில்லையாம். இப்போது பொழுது சாய்ந்த பிறகு மட்டும் கவி வெளியே வருகிறாளாம். வாய்க்கால் மதகுவரை போய்விட்டு வருகிறாளாம். அதுவே பெரிது என்கிறார் செல்வி. இருட்டில் அம்மாவின் முதுகுக்குத் தைலம் தேய்த்துவிடுகிறாளாம். பேசுவதில்லை.

"டாக்டர்கிட்ட கூட்டிட்டு வாங்க, தஞ்சாவூர்ல நானே கூட வர்றேன்," என்றேன்.

"கூட்டிட்டுத்தாம்மா வரணும். பகல்ல பஸ் ஏற மாட்டேங்குதே," என்றார். பிறகு அவரே கேட்டார்.

"அந்தப் பாப்பா வேலைய விட்டுடுச்சுன்னு சொன்னீங்கல்ல... இப்ப வேற யாரோ அக்கா வந்திருக்காங்கன்னும் நீங்கதானே சொன்னீங்க. அவங்க நம்பர் கெடைக்குமாம்மா? அவங்க சொன்னாலாவது கேக்கும்."

எந்த நம்பரைக் கொடுப்பேன்?