செவெரினே எடுத்துக் கொடுத்த வசனம்

உருளைக்கிழங்கைத் துருவிப் பிழிந்து, அடியில் தங்கிய மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, அதில் ஒரு துண்டு மெழுகுவத்தியைக் கிள்ளிப் போட்டுக் கிண்டினாள் செவெரினே. மெழுகு சேர்ந்தால்தான் சட்டையின் மார்பு பலகை மாதிரி விறைத்து நிற்கும். சட்டை அவள் புருஷன் ஹார்ட்விக் புரூனுடையது. சுங்க அதிகாரி. சனிக்கிழமை சாயங்காலம் ஊர் மன்றத்து நாடக மேடையில் ஏறி, பெண்டாட்டிக்கு விடுதலை கொடுக்கப் போகிறவர். அந்த விடுதலைக்கு வேண்டிய சட்டைக்குக் கஞ்சி போடுவது சொந்தப் பெண்டாட்டி.

ஆயிரத்து எண்ணூற்று எண்பதுகளின் தொடக்கத்தில் கோபன்ஹேகனிலிருந்து வந்த நாடகமெல்லாம் ஒரே ரகம். மனைவி பெருமூச்சு விடுவாள், கணவன் திருந்துவான். நார்வேயின் தெற்குக் கரையில், கப்பலையும் பிரசங்கத்தையும் விட்டால் வேறு பேச்சில்லாத எங்கள் ஊரிலும் அந்தக் காய்ச்சல் பரவிவிட்டது. ஆண்கள் மன்றத்தில் உட்கார்ந்து சுருட்டுப் புகையினூடே மனைவியின் சுதந்திரத்தை அலசினார்கள். மனைவிமார் உள்ளே காப்பி கலந்துகொண்டிருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

செவெரினே, கப்பல்களைத் துறைக்குள் நடத்திவரும் வழிகாட்டி ஒருவரின் மகள். பதினைந்து வயதில் ஆரெண்டால் நகரத்துக்குப் போய், கப்பல் முதலாளி வீட்டில் இஸ்திரி வேலைக்குச் சேர்ந்தாள். இருபத்தைந்து முடிந்ததும் சட்டம் அவளை முழு ஆளாக ஒப்புக்கொண்டது. தன் பேரில் தானே கையெழுத்துப் போடலாம். இரண்டு வருஷம் போட்டாள். பிறகு புரூனைக் கட்டிக்கொண்டாள். மோதிரம் ஏறிய அன்றே அதே சட்டம் அவளை மறுபடி சின்னப் பிள்ளையாக்கிவிட்டது. இருபத்தேழு வயதுப் பிள்ளை. அதன் பிறகு பதினான்கு வருஷம், இரண்டு பிரசவம், எண்ணி மாளாத சட்டைகள்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. படகுத்துறையில் விதவை மார்த்தேயின் கொட்டகை காலியாகக் கிடந்தது; இரண்டு ஜன்னல், நல்ல அடுப்பு. கரையிறங்கும் கேப்டன்கள் காலரையும் கைப்பட்டையும் தேய்க்கக் கொடுக்க ஆளில்லாமல் அலைந்தார்கள். அங்கே ஓர் இஸ்திரிக் கடை. நாடகத்துக்கு அடுத்த புதன்கிழமை வரை பொறுக்கிறேன், அதற்கு மேல் புகையிலைக்காரருக்குக் கொடுத்துவிடுவேன் என்று மார்த்தே சொல்லிவிட்டாள். நகர நீதிபதியின் அலுவலகத்துக்குப் புருஷன் சம்மதம் ஒற்றை வரியில் வேண்டும். அந்த வரியை ஏப்ரல் மாதமே தானே எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டு, மேஜைமேல் வைத்தாள் செவெரினே. புரூன் அதன்மேல் காப்பிக் கோப்பையை வைத்தார். நாடகம் முடியட்டும் என்றார். ஜூன் மாதமும் அதையே சொன்னார். அவள் விடாமல் கேட்டபோதுதான் உள்ளிருந்தது வெளியே வந்தது.

"சுங்க அதிகாரி பெண்டாட்டி கண்டவன் காலரைத் தேய்க்கிறதா? ஊர் என்ன சொல்லும்?"

"உங்க காலரைத் தேய்க்கிறேனே, அதுக்கு ஊர் என்ன சொல்லுது?"

"அது குடும்பம்," என்றார் புரூன். சொல்லிவிட்டுக் கண்ணாடி முன் நின்று, விடுதலை வசனத்துக்குக் கையை எந்த உயரத்தில் வைப்பது என்று பார்த்துக்கொண்டார்.

கையை வைக்கத் தெரிந்தது, வசனம்தான் நிற்கவில்லை. உப்புக்கு என்ன தீர்வை, பிராந்திக்கு என்ன தீர்வை என்று இருபது வருஷத்துக் கணக்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். நாடகத்தில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது. அதனால் மேடைக்கு முன்னால் தரையில் வெட்டிய குழிக்குள், தலைக்கு மேல் பலகை மூடியோடு, புத்தகத்தை வைத்துக்கொண்டு செவெரினே உட்கார்ந்தாள். அவள் மெல்ல எடுத்துக் கொடுப்பாள், அவர் முழங்குவார். காதில் விழுந்தது வாய்க்குப் போகும் வழியில் மூளைப் பக்கம் எட்டிப்பார்ப்பதே இல்லை. ஒருநாள் ஒத்திகையில், கூடத்துக் காவலாளியிடம் அவள் "கதவைச் சாத்துங்க, குளிர் காத்து வருது" என்றாள். புரூன் நெஞ்சில் கை வைத்து, கண்ணில் நீர் தளும்ப, அதையும் கதாநாயகியிடம் சொன்னார்.

கதாநாயகி, மருந்துக்கடைக்காரர் மனைவி லுவீஸே, சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள். பிறகு குழிப் பக்கம் குனிந்து, "உங்க வீட்டுக்காரருக்கு வாய் மேலே இருக்கு, மூளை உங்க மடியில இருக்கு, செவெரினே. கெட்டியாப் பிடிச்சுக்குங்க," என்றாள்.

செவெரினே அதைக் கெட்டியாகத்தான் பிடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் நகர நீதிபதியும் மனைவியும். பின்வரிசையில் மாலுமிகள், மீன்காரிகள். கடைசிக் காட்சி. கணவன் வீட்டுச் சாவியை எடுத்து நீட்டி, இன்று முதல் நீ உனக்கே சொந்தம் என்று சொல்ல வேண்டும். புரூன் சாவியை எடுத்தார், கஞ்சி மொடமொடத்த மார்பில் கையை வைத்தார், வழக்கம்போல் கண்ணைக் குழிப் பக்கம் இறக்கினார். செவெரினே புத்தகத்தை மூடினாள்.

"நகர நீதிபதியின் முன்னிலையில்," என்றாள் மெல்ல.

"நகர நீதிபதியின் முன்னிலையில்," என்றார் புரூன், கூடம் அதிர.

"ஹார்ட்விக் புரூன் ஆகிய நான், என் மனைவி செவெரினேவுக்கு."

அதையும் சொன்னார். குரல் நன்றாகக் கனிந்திருந்தது. நீதிபதியின் மனைவி கைக்குட்டையை எடுத்தாள்.

"படகுத்துறைக் கொட்டகையில் இஸ்திரிக் கடை வைக்க, முழு மனதோடு சம்மதிக்கிறேன்."

முழு மனதோடு என்ற இடத்தில் அவர் குரல் தழுதழுத்ததுகூட. பின்வரிசை வெடித்துச் சிரித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு எட்டியது. சாவி இன்னும் அவர் கையிலேயே இருந்தது. லுவீஸே கெட்டிக்காரி, "ரொம்ப நன்றி" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டு திரையை இழுக்கச் சொன்னாள். கைதட்டல் அடங்கவே வெகுநேரம் ஆயிற்று.

திங்கட்கிழமை காலை செவெரினே நீதிபதியின் அலுவலகத்துக்குப் போனாள். அவர் எழுந்து நின்று வரவேற்றார். நாடகத்தைப் புகழ்ந்தார், மனைவி வீட்டுக்கு வந்தும் அழுததைச் சொன்னார், பெண்கள் விஷயத்தில் காலம் மாறிவிட்டது என்றார். அவள் கொட்டகைப் பேச்சை எடுத்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"மேடையில சொன்னது சட்டத்துல நிக்காதும்மா. வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்."

"நீங்க கைதட்டினீங்களே, ஐயா."

"அது நாடகத்துக்கு," என்றார் நீதிபதி. சங்கடம் என்பது அவர் முகத்தில் மருந்துக்கும் இல்லை.

அதே திங்கட்கிழமை மத்தியானம் புரூன் பள்ளி வாத்தியாரைக் குழியில் உட்கார வைத்துப் பார்த்தார். வாத்தியார் எடுத்துக் கொடுத்த ஒரு வார்த்தையும் அவர் வாய்க்கு வந்து சேரவில்லை. பதினான்கு வருஷமாக ஒரே குரல் சொல்லிச் சொல்லி நடந்த மனுஷர். சாப்பிட வாங்க என்பதிலிருந்து குல்லாயை மறக்காதீங்க என்பது வரை. வேறு குரல் அந்தக் காதுக்குள் நுழைய மறுத்தது. செவ்வாய்க்கிழமை இரண்டாம் தடவை நாடகம். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆள் வருகிறார்கள் என்று செய்தி. மன்றத்துத் தலைவரே அவர்தான், நிறுத்தவும் முடியாது.

செவ்வாய் மத்தியானம், பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டு முடித்துத்தான் அவர் அவளிடம் பேசினார். சனிக்கிழமைக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு. தன் மானத்தைக் கப்பலேற்றிவிட்டாள் என்றார். சுங்கச் சாவடியில் படகோட்டிகள்கூட, இஸ்திரிக்குத் துணி வாங்குவீங்களா என்று கேட்கிறார்களாம்.

"நீங்க மேடையில சொன்னதுலயே உருப்படியான வசனம் அது ஒண்ணுதான், புரூன்," என்றாள் செவெரினே.

வெளுத்து மொடமொடத்த சட்டையை நாற்காலி முதுகில் மாட்டினாள். காலரைப் பக்கத்து மேஜைமேல் வைத்தாள். காப்பிக் கறை வளையமாய்ப் பதிந்த அந்தச் சம்மதக் காகிதத்தை, கையெழுத்துக்கு விட்ட இடம் தெரிய, காலருக்குக் கீழே விரித்தாள். மைக்கூடு ஏற்கெனவே அங்கே இருந்தது. நாடகப் புத்தகத்தை எடுத்துக் காகிதத்தின் ஓரத்தில் வைத்தாள், காற்றில் பறக்காமலிருக்க.

புரூன் புத்தகத்தைப் பார்த்தார். அவர் குரல் இறங்கிவிட்டது.

"அப்ப இன்னிக்குச் சாயங்காலம் அந்தக் குழிக்குள்ள யாரு உட்காருவா?"

செவெரினே மைக்கூட்டை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய இஸ்திரிப் பெட்டியைத் துணி சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள்.