நான்கு லீவு அழைப்புகள்

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலைக்காக, தொழிலாளர்கள் போனில் லீவு சொன்னால் பதில் பேசும் ஏஐ ஏஜென்ட் ஒன்றைச் செய்துகொடுத்தேன். எஸ்டிகே என்னும் ஆயத்த மென்பொருள் தொகுப்பு இருந்ததால் இரண்டே வாரத்தில் வேலை முடிந்தது. லீவு பதிவதைத் தவிர அதற்கு நான் வேறெதையும் கற்றுத்தரவில்லை.

ஒரு நாள் காலை ஆலை அலுவலகத்தில் உட்கார்ந்து, பதிவான அழைப்புகளைக் கேட்டேன்.

"கிரேன் சங்கிலில டக்கு டக்குன்னு சத்தம் வந்துகினே கீது. அடியில நிக்கவே பயமாக்கீது. இன்னிக்கு நான் வரல," என்றார் ஒருவர்.

"உங்கள் விடுப்பு பதிவாகிவிட்டது. நன்றி," என்றது என் ஏஜென்ட், கனிவாக.

அடுத்தடுத்த நாட்களில் இன்னும் மூன்று பேர் அதே சங்கிலியைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். அவர்களுக்கும் அதே நன்றி.

மேலாளரிடம் ஓடினேன். "லீவு கரெக்டா போட்டுச்சில்ல? அப்புறம் இன்னாம்மா?" என்றார்.

நானே ஷெட்டுக்குப் போனேன். ஆட்களின் தலைக்கு மேல் இரும்புப் பாளம் நகர்ந்துகொண்டிருந்தது. கத்தி நிறுத்தினேன். கிரேன் ஓட்டுபவர் பாளத்தை இறக்கிவிட்டு வந்து சங்கிலியைத் தடவிப் பார்த்தார். ஒரு வளையம் பாதிக்கு மேல் விரிசல் விட்டிருந்தது.

"யார்னா முன்னாடியே சொன்னாங்களா மேடம்?"

"சொன்னாங்க," என்றேன். யாரிடம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.